வீட்டுப் பட்டறையில் ஒரு விமானம்

விமானம் கட்டுதல் அரசுகளுக்கும் பெருந்தொழிற்சாலைகளுக்குமே உரியதெனப் பலரும் எண்ணியிருந்த நாளில், ஹான்ரி மிஞ்ஞே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை மறுத்தார். கைத்திறனும் பொறுமையும் உடைய எவரும் தம் வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்றார். 1933இல் செய்தும் பறந்தார். மரம், துணி, மோட்டார் சைக்கிள் இஞ்சின் ஆகியவற்றாலான அதற்கு அவர் இட்ட பெயர் ‘வானத்துப் பேன்’. பெயரின் அழகை நாம் ஆராயப் புகவில்லை.

1934இல் வரைபடங்களுடன் நூலொன்று வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது ஆங்கிலத்தில் வந்தது. அவரும் அவ்விமானத்திலேயே கால்வாயைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார். அந்நாட்டுக் கொட்டகைகளிலெல்லாம் சுத்தியலோசை எழுந்தது எனலாம். உறுப்புகளைச் செய்து விற்ற வணிகரும் தோன்றினர். ஒரு சிலர்க்கே உரியதாயிருந்த வித்தை பலர்க்கும் பொதுவானது கண்டு நாம் மகிழ்கிறோம்.

ஆயின், பறந்தோருட் சிலர் தலைகுப்புற வீழ்ந்து மாண்டனர். 1936இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் முழு விமானத்தையே பெருங் காற்றுக்குழாயில் வைத்துச் சோதித்தபோது காரணம் வெளிப்பட்டது. அதன் இரு இறக்கைகளும் முன்னும் பின்னுமாக மிக நெருங்கி நின்றன. முன்னிறக்கையின் சாய்வை மிகுத்தே மூக்கை உயர்த்த வேண்டும். மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டாலோ, ஓட்டுவோன் கைப்பிடியை இழுக்க இழுக்க, இறக்கைகளின் இடுக்கிற் பாய்ந்த காற்று பின்னிறக்கையையே தூக்கிற்று. மீட்கச் செய்த செயலே அழிவாயிற்று.

ஏட்டிலுள்ளது என்பதற்காகவே ஒன்றை நம்புதல் புராணம் படிப்போர்க்கு மட்டும் உரிய பிழையன்று போலும்! மிஞ்ஞேயை வஞ்சகர் என நாம் கூறோம். தம் உயிரையும் அதிலேயே வைத்துக் கடல் கடந்தவர் அவர். எனினும் அச்சோதனை நூலுக்கு முன் நடந்திருக்க வேண்டும். பிரிட்டன் பறக்கும் அனுமதியை நிறுத்திற்று. அவரோ அமைப்பைத் திருத்தினார். அவ்வழி வந்த சிறு விமானங்களைப் பிரான்சில் இன்றும் வீடுகளிற் கட்டிப் பறக்கின்றனர்.