பெயரின் மானமும் தட்டின் சாட்சியமும்

கிருமி மருந்துக்கு அடங்குமா என்று பார்க்கும் சோதனை வெளிப்பார்வைக்கு ரொம்ப எளிமையானது. அகார் கூழ் உறைந்த தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து, ஓர் இரவு வெதுவெதுப்பில் விட்டுவிடுகிறார்கள். காலையில் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் இருந்தால், விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, மருந்து கேட்கும், கேட்காது என்று எழுதிவிடுவார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டுக் கிடந்த இந்தக் கணக்கை 1966இல் சியாட்டிலில் பாயர், கிர்பி குழுவினர் ஒழுங்குபடுத்தினார்கள். தமிழ் படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். இத்தகைய சோதனைகள் சொன்ன ஒரு சேதி, பெயரிடல் பற்றிய சண்டைக்குள் எப்படிக் காணாமல் போச்சு என்பதே என் அக்கறை.

புதுடெல்லியில் சிகிச்சை பெற்று 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி கிடைத்தது. வேறெதுவும் பலிக்காதபோது கொடுக்கிற கார்பபெனெம் வகை மருந்துகளையே அது தூக்கியெறிந்தது. மருந்தைச் சிதைக்கும் அதன் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். சோதனையில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அது துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து மறுபடி கேட்கத் தொடங்கும். இந்தக் குடும்பத்து நொதிகள் பிடிபடுவது இப்படித்தான். 2009இல் வந்த கட்டுரை இதற்கு 'நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்' என்று பெயர் வைத்தது, சுருக்கமாக என்.டி.எம்.-1.

2010இல் லான்செட் குழும இதழொன்றில் அடுத்த கட்டுரை வந்தது. முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமரசாமி. இந்த நொதியுள்ள மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73. அறுவைச் சிகிச்சைக்கு இந்தியா போகும் பிரிட்டன்காரர்கள் பற்றிய எச்சரிக்கையும் அதில் இருந்தது. அவ்வளவுதான், தேசத்தின் மானம் போய்விட்டது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார்.

காலனியப் பார்வை இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலராவை 'ஆசியக் காலரா' என்றழைத்த வரலாறு ஐரோப்பாவுக்கு உண்டு. ஆனால் இதே குடும்பத்து நொதிகளுக்கு வெரோனா, சாவோ பாலோ என்று ஊர்ப்பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. காலனிய எதிர்ப்புச் சொல்லாடலை இங்கே கடன் வாங்கியது யார்? வெளிநாட்டு நோயாளியை நம்பிய மருத்துவ வணிகமும் அதற்குக் குடைபிடித்த அரசும்தான். சென்னையின் அந்த 44 மாதிரிகளும் யாரோ உள்ளூர் நோயாளிகளின் உடம்பிலிருந்து வந்தவை. அவர்களைப் பற்றி அந்தத் தேசியம் மூச்சுவிடவில்லை.

2011இல் டெல்லித் தண்ணீர் பற்றிய ஆய்வு வெளிவந்தது. தெருவில் தேங்கிய, கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51இல் அந்த மரபணு. குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50, அதில் இரண்டில். ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கே தாவக்கூடிய மரபணு அது. இதையும் அரசு மறுத்தது. பிறகு வந்த எச்1 அட்டவணை, 2014 மார்ச் முதல், இத்தகைய மருந்துகளின் விற்பனைக்குத் தனிப் பதிவேடு வைக்கும்படி மருந்துக்கடைகளுக்கு உத்தரவிட்டது. சாக்கடையும் குழாயும் அந்த அட்டவணைக்கு வெளியே.