லாக்புக்

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்பதே கப்பலின் வேகம். அதை எழுதி வைத்த ஏடு லாக்புக் ஆயிற்று. விமான வேகத்தை இன்றும் 'நாட்' என்பது அந்த முடிச்சால்தான்.

சிறு விமானத்தில் லாக்புக் என்ற சொல் பராமரிப்பு ஏட்டையும் குறிக்கும். அமெரிக்காவில் விமான உடல், எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனி ஏடு வைப்பது வழக்கம். செய்த வேலை, முடித்த தேதி, ஒப்புதல் தந்தவரின் கையெழுத்து, சான்றிதழ் எண் எல்லாம் அதில் வேண்டும். "ஆயில் மாற்றியாயிற்று" என்று மட்டும் எழுதுவது பதிவே அல்ல. ஏடு தொலைந்த விமானத்தை வாங்கத் தயங்குவார்கள், நியாயமான தயக்கம். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, பாதுகாப்பு உத்தரவுப்படி எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் வேறு சாட்சி எளிதில் கிடைக்காது.