பேசும் விலங்கின் உடைமையாளர் யார்? வயது வந்தோருக்கான கேலிச்சித்திரத் தொடரொன்றின் வரலாற்றுப் பின்னணி

விலங்குகளைப் பேசவைத்து மனிதரின் குறைகளை எடுத்துரைத்தல் தொன்மையான ஒரு மரபாகும். பஞ்சதந்திரக் கதைகள் ஆறாம் நூற்றாண்டிற் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபாவின் வாயிலாக அரபு மொழிக்கும், அதன்பின் ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றன. 1678 இல் தமது நீதிக்கதைகளின் இரண்டாந் தொகுதியை வெளியிட்ட பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன், அதன் பெரும்பகுதிக்குத் தாம் ஓர் இந்திய அறிஞருக்குக் கடன்பட்டிருப்பதாக முன்னுரையில் ஒப்புக்கொண்டார். இந்நெடும் பயணத்திற் கரடகன், தமனகன் ஆகிய நரிகளுக்கு உடைமையாளர் என எவரும் இருந்ததில்லை. யார் வேண்டுமாயினும் அவற்றைத் தமது மொழியிற் பேசவைக்க முடிந்தது. அதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. திரையிலே தோன்றிய பேசும் விலங்கு, ஒப்பந்தத்தாலும் பதிப்புரிமைச் சட்டத்தாலும் கட்டுண்ட ஒரு சொத்தாகியது. அது எதைப் பேசலாம், எவ்வளவு காலம் பேசலாம் என்பவை அதனை வரைந்தவரின் கையில் இல்லாது போயின. 2019 முதல் 2022 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவந்த ‘டூக்கா அன்ட் பேர்ட்டி’ என்னும் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரை இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயமாகக் கொள்ளலாம். அத்தொடரின் கலைச் சிறப்பை மட்டும் விதந்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய தொடரொன்று தோன்றுவதற்கும், இருமுறை நிறுத்தப்படுவதற்கும் காலாயிருந்த உற்பத்தி உறவுகளை விளங்கிக்கொள்வதே இதன் நோக்கமாகும்.

1. சொத்தாகிய விலங்கு

கேலிச்சித்திரப் படத்தின் முதற் புகழ்பெற்ற விலங்குகளுள் ஒன்று 1919 இல் நியூயோர்க்கில் உருவாகிய ஃபீலிக்ஸ் என்னும் பூனை. அப்படங்கள் நிலையத்தின் முதலாளியான பற் சலிவனின் பெயரிலேயே வெளிவந்தன. ஆயின் அப்பூனைக்கு உயிரூட்டியவர் அங்கு ஊழியம் செய்த ஒட்டோ மெஸ்மர் என்பதே இன்று வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் முடிபாகும். மெஸ்மரின் பங்கு பல தசாப்தங்களின் பின்னரே உலகறிய வந்தது.

இதே அனுபவத்தை மற்றொரு வகையில் வோல்ட் டிஸ்னியும் பெற்றார். 1927 இல் அவரும் அப் ஐவேர்க்சும் ஒஸ்வல்ட் என்னும் முயலை உருவாக்கினர். முயலின் உரிமையோ யூனிவேர்சல் நிறுவனத்திடம் இருந்தது. 1928 இல் இடைநின்ற விநியோகஸ்தர் சார்ள்ஸ் மின்ற்ஸ், டிஸ்னியின் ஓவியர்களுட் பெரும்பாலோரைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். டிஸ்னி தாம் படைத்த முயலை இழந்தார். அவ்விழப்பின் பின்னரே மிக்கி என்னும் எலி பிறந்தது. அவ்வெலியின் ‘ஸ்ரீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18 ஆந் திகதி திரைக்கு வந்தது.

இவ்விழப்பிலிருந்து டிஸ்னி கற்ற பாடம், படைப்பாளிக்கே படைப்பு உரியதாதல் வேண்டும் என்பதன்று. தாமே உடைமையாளராதல் வேண்டும் என்பதே. மிக்கியின் முதல் வடிவம் அமெரிக்காவிற் பொதுவுடைமையாவதற்கு 2024 ஜனவரி முதலாந் திகதிவரை, ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒஸ்வல்ட் முயலைப் பொறுத்தவரை, 2006 இல் டிஸ்னி நிறுவனம் ஒரு விளையாட்டு வர்ணனையாளரைத் தனது ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாக முயலை மீளப் பெற்றுக்கொண்டது. மனிதனையும் முயலையும் ஒரே பட்டியலில் வைத்துப் பண்டமாற்றுச் செய்யக்கூடிய பொருளாதாரம் ஒன்று உருவாகியிருந்தமையை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

2. தூரிகை பிடித்த கைகள்

விலங்கு சொத்தாகிய பொழுது அதனை வரைந்தோர் கூலியுழைப்பாளராயினர். 1937 இல் நியூயோர்க்கிலிருந்த ஃபிளைஷர் நிலையத்தின் ஊழியர் மேற்கொண்ட வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்தது. அதன் பின்னர் அந்நிலையம் மயாமி நகருக்குப் பெயர்ந்தது. 1941 மே மாதத்தில் டிஸ்னி நிலையத்திலும் வேலைநிறுத்தம் மூண்டது. நிலையத்தின் முதன்மை ஓவியருள் ஒருவரான ஆர்ட் பாபிற் தொழிற்சங்க ஈடுபாட்டின் காரணமாக வேலைநீக்கம் செய்யப்பட்டமை அதற்கு உடனடிக் காரணமாயிற்று. அரசாங்கத்தின் மத்தியஸ்தத்தோடு சங்கம் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் 1947 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின் முன் தோன்றிய டிஸ்னி, அவ்வேலைநிறுத்தத்தின் பின்னணியிற் கம்யூனிஸ்டுகள் இருந்தனரெனச் சாட்சியமளித்தார்.

பெண்களின் நிலையை இவ்விடத்திற் குறிப்பிடாது விடல் பொருந்தாது. ஆண்கள் தாளில் வரைந்த கோடுகளை ஒளிபுகும் செலுலொயிட் தகடுகளில் மையாற் படியெடுத்து வர்ணந்தீட்டுவதே அன்றைய நிலையங்களிற் பெண்களுக்கெனப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட தொழில். 1938 இல் வேலை கோரி விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம், படைப்புத் தொழிலை முற்றாக இளைஞரே செய்வர், பெண்கள் செய்வதில்லை எனக் கூச்சமின்றித் தெரிவித்தது. திரையிற் பெண்ணுருவம் கொண்ட எலியும் வாத்தும் ஆண்களின் கற்பனைக்கேற்ப ஆடிப்பாடியதற்கும் இத்தொழிற் பிரிவினைக்கும் தொடர்புண்டு.

3. முகமூடியின் இரு பயன்கள்

பேசும் விலங்கு வயது வந்தோருக்கான பொருளைப் பேசத் தொடங்கியதும் உடைமையின் கரம் மேலும் வெளிப்படையாயிற்று. 1954 இல் இங்கிலாந்தில் ஜோன் ஹலாசும் ஜோய் பாச்சிலரும் இயக்கிய ‘விலங்குப் பண்ணை’ இதற்கு உதாரணமாகும். ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலைத் தழுவிய அப்படத்துக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் வழங்கியமை பின்னர் வெளிவந்தது. பன்றியையும் மனிதனையும் வேறுபடுத்தி அறிய முடியாத நிலையில் நாவல் முடிய, படமோ விலங்குகள் பன்றிகளுக்கெதிராகக் கிளர்ந்தெழுவதாக முடிந்தது. மனித முதலாளிகளையும் சேர்த்தே சாடிய முடிவு, ஒரு சாராரை மட்டும் சாடும் முடிவாக மாற்றப்பட்டது.

1972 இல் ரால்ஃப் பக்ஷி இயக்கிய ‘ஃபிரிற்ஸ் த கற்’, அமெரிக்காவில் வயது வந்தோர்க்கு மட்டுமெனத் தரப்படுத்தப்பட்ட முதலாவது கேலிச்சித்திரப் படமாகும். பல்கலைக்கழக மாணவர், இனமுரண்பாடு, பொலிஸ் அடக்குமுறை என்பன அதன் பொருளாயின. எனினும் அதன் கட்டற்ற தன்மை ஆணின் கட்டற்ற தன்மையே. பெண் விலங்குகள் அங்கு நுகர்பொருள்களாயின. மூலச் சித்திரக்கதையை வரைந்த றொபேட் கிரம் படத்தை வெறுத்து, அதே ஆண்டில் வெளியிட்ட கதையொன்றில் அப்பூனையைக் கொன்றுவிட்டார். தன் படைப்பின்மீது ஆதிக்கம் இழந்த கலைஞனுக்கு எஞ்சியிருந்த எதிர்ப்பு, அதன் உயிரைப் பறிப்பதாகவே இருந்தது.

2001 இல் கார்ட்டூன் நெற்வேர்க் ‘அடல்ட் சுவிம்’ என்னும் இரவுநேர ஒளிபரப்பை ஆரம்பித்ததோடு இவ்வகைப் படைப்புக்கு நிலையான சந்தையொன்று ஏற்பட்டது. 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘போஜாக் ஹோர்ஸ்மன்’, புகழ் மங்கிய குதிரை நடிகனொருவனின் குடியையும் குற்றவுணர்வையும் பேசியது. அதன் உலகுக்கு உருவம் கொடுத்தவர் லீசா ஹனவோல்ட் என்னும் பெண் ஓவியர். படியெடுக்க மட்டும் அனுமதிக்கப்பட்ட கைகளின் வாரிசு, முழு உலகொன்றை வடிவமைக்கும் நிலையை இங்கு எய்தினார்.

4. டூக்காவும் பேர்ட்டியும்

ஹனவோல்ட் தாமே உருவாக்கிய ‘டூக்கா அன்ட் பேர்ட்டி’ 2019 மே 3 ஆந் திகதி பத்து அங்கங்களோடு நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. டூக்கா, பேரலகு கொண்ட டூக்கன் பறவை. குடியை அண்மையிற் கைவிட்டவள், நிலையான தொழில் இல்லாதவள். பேர்ட்டி, பாடும் சிறு பறவை. அச்சமும் பதற்றமும் மிக்கவள், அலுவலகத்தில் உழைத்தவாறே பேக்கரித் தொழிலில் ஆசை வைத்திருப்பவள். அவர்களுக்குக் குரல் கொடுத்த டிஃபனி ஹடிஷ் கறுப்பினத்தவர். அலி வோங் ஆசிய வம்சாவளியினர்.

அவர்கள் வாழும் பறவை நகரில் செடிகள் கைகால் பெற்று நடக்கின்றன. கட்டடங்களுக்கு மார்பகங்கள் உண்டு. இவை வெறும் வேடிக்கை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது அங்கத்தில் நிகழ்வதை நோக்குக. அலுவலகத்தில் ஒரு சேவல் பேர்ட்டியின் உடலைக் குறித்து ஆபாசமாகப் பேசுகிறது. அவளோ வாய்திறந்து எதிர்க்க இயலாது நிற்கிறாள். அப்பொழுது அவளது ஒரு மார்பகம் உடலைவிட்டுக் கழன்று, இனி இதனைச் சகிக்க இயலாது என்று வெளியேறி மதுச்சாலைக்குச் சென்றுவிடுகிறது. பார்வையாளர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பினூடே, வேலைத்தலத்திற் பெண் தன் உடலைத் தன்னதாக உணரமுடியாமற் போகும் அனுபவம் காட்சியாகிறது. யதார்த்தப் பாணியிற் பல உரையாடல்களால் விளக்கவேண்டியதை மிகைக்கற்பனை ஒரு கணத்தில் உணர்த்திவிடுகிறது.

பேர்ட்டிக்குத் தொழில் பயிற்றும் புகழ்பெற்ற பேக்கரிக் கலைஞனான பென்குவின், குருவின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அவள்மீது அத்துமீறுகிறான். அவள் நெடுநாள் மௌனம் காக்கிறாள். அம்மௌனத்தின் வேர் சிறுமியாயிருந்தபோது அவளுக்கு இழைக்கப்பட்ட வன்முறையில் இருப்பதைத் தொடர் பின்னரே அறியத் தருகிறது. அவ்வன்முறை கவர்ச்சிப் பொருளாகக் காட்டப்படவில்லை. சொல்லும் துணிவும், கேட்கும் தோழியுமே அங்கு முக்கியம் பெறுகின்றன. ‘ஃபிரிற்ஸ்’ படத்தில் நுகர்பொருளாயிருந்த பெண் விலங்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கியது எனலாம். பழைய நீதிக்கதையில் நரி தந்திரத்துக்கும் கழுதை மடமைக்கும் குறியீடாகும். இங்கோ பறவை எக்குணத்துக்கும் குறியீடன்று. முரண்பாடுகள் நிறைந்த ஓர் ஆளுமை அது.

5. இருமுறை நிறுத்தம்

விமர்சகரின் பாராட்டைப் பெற்ற இத்தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில், வெளிவந்து மூன்று மாதம் முடியுமுன்னரே நிறுத்தியது. பார்வையாளர் தொகையைத் தொடர்வாரியாக முறையாக வெளியிடும் வழக்கம் அக்காலத்தில் அந்நிறுவனத்துக்கு இருக்கவில்லை. பழைய முதலாளி படைப்பை மட்டும் உடைமையாக்கினான். புதிய முதலாளி, யார் பார்த்தனர் என்னும் அறிவையும் உடைமையாக்கிக்கொண்டான். படைப்பாளி தன் வாசகரை எண்ணிக்காட்டித் தன்னை நியாயப்படுத்தவும் வழியில்லை.

2020 மே மாதத்தில் அடல்ட் சுவிம் தொடரை ஏற்றது. 2021 இலும் 2022 இலும் பப்பத்து அங்கங்கள் வெளிவந்தன. 2022 நவம்பரில் அதுவும் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அடல்ட் சுவிமின் தாய் நிறுவனம் டிஸ்கவரி நிறுவனத்தோடு இணைந்திருந்தது. ஓகஸ்டில், முன்னர் வெளியிட்ட சித்திரத் தொடர்கள் பலவற்றைத் தன் இணையச் சேவையிலிருந்து அகற்றிச் செலவைக் குறைத்தது. ஒருகாலத்திற் பூனையின் பெயர்ப்பலகை முதலாளிக்குச் சென்றது. இப்பொழுது பூனையே காணாமற் போகலாம்.

இவ்வரலாற்றில் மற்றுமொரு நிகழ்ச்சி கருதற்பாலது. இவ்விரு தொடர்களும், முன்னர் டிஸ்னி நிறுவனத்தின் தலைவராயிருந்த மைக்கல் ஐஸ்னர் நிறுவிய கம்பனியின் தயாரிப்புகள். அவற்றின் சித்திர வேலை லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நிலையத்தில் நடைபெற்றது. அங்கு பணிபுரிந்தோர் 2019 இற் சித்திரத் தொழிலாளர் சங்கமான அனிமேஷன் கில்டின் கீழ் ஒன்றிணைந்தனர். தொடர் நிறுத்தப்பட்டதையும் இதனையும் காரண காரியமாகப் பிணைத்தல் ஆய்வு நெறியாகாது. ஆயினும் 1937, 1941 ஆகிய ஆண்டுகளின் போராட்டங்கள் முடிந்துபோன பழங்கதையல்ல என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

தொடரின் குறைபாடும் இவ்விடத்திலேயே புலனாகிறது. பேர்ட்டியின் துயரத்துக்குத் தொடர் காட்டும் வழிகள் இரண்டு: தோழமை, உளவளச் சிகிச்சை. இரண்டும் மெய்யானவை, ஆனால் இரண்டும் தனிமனித வட்டத்தைத் தாண்டாதவை. வேலைத்தலத்தின் அதிகார அமைப்பைக் கூட்டாக மாற்றும் எண்ணம் பறவை நகரில் வலுப்பெறவில்லை. அப்பறவைகளை வரைந்தோரோ அவ்வெண்ணத்தைத் தமது வாழ்விற் செயற்படுத்தினர். இக்குறையைச் சுட்டுவது தொடரை நிராகரிப்பதாகாது. இரு பெண்களின் நட்பை ஆணின் துணைக்கதையாக்காது மையத்தில் வைத்து, வெளியிற் சொல்ல நாணிய காயத்தைச் சிரிப்பினூடே சொல்லவைத்தமை அதன் சாதனை.

கரடகனும் தமனகனும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தமைக்கு அவர்களை வேண்டியவர் எடுத்துப் பேசவைக்க முடிந்தமை ஒரு முக்கிய காரணம். டூக்காவும் பேர்ட்டியும் முப்பது அங்கங்களோடு மௌனமாக்கப்பட்டனர். சொல்ல வேண்டியவை முடிந்துவிட்டமையால் அன்று. சொல்லும் உரிமை பிறர் கையில் இருந்தமையாலேயே. விலங்கின் வாயாற் பேசும் கலையின் வரலாற்றை எழுதுவோர், அவ்விலங்கு என்ன பேசியது என்பதோடு, அதன் வாயை மூடும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.