நாக்கறுந்த மணியும் மூன்று வாக்குமூலங்களும்

ஒரு மணிக்குத் தண்டனை கொடுக்க முடியுமா? தேவாலய மணிதாங்க, உலோகத்தில் வார்த்தது. அதுக்குப் பன்னிரண்டு கசையடி, நாக்கறுப்பு, காதறுப்பு, அதோட போதாதென்று சைபீரியாவுக்கு நாடு கடத்தல். "யாருப்பா இப்படிக் கதை விடுறது"ன்னு நீங்க கேட்கலாம். முதல்முறை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போ அந்த மணியை நேரிலேயே பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

ஊர் பெயர் உக்லிச். மாஸ்கோவுக்கு வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர், வோல்கா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஜனத்தொகை முப்பதாயிரம் வாக்கில்தான். 937-ல் உண்டான ஊர் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையடித்துக்கொள்கிறார்கள். எழுத்தில் முதன்முதலாகப் பெயர் வருவது 1148-ல்.

என் சித்தி பையன் யாரோஸ்லாவ்ல் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறான். போன ஜூலையில் அவனைப் பார்க்கப் போனபோது, உக்லிச்சுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "அண்ணா, ஊர் உலகத்துல எல்லாரும் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க்னு போவாங்க. நீ என்னடான்னா ஒரு மணியைப் பாக்க நூறு கிலோமீட்டர் பஸ் ஏறச் சொல்ற"ன்னு புலம்பிக்கொண்டேதான் வந்தான். ரஷ்ய மொழி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அதனால் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன் :-)

அரண்மனை

பழைய கோட்டைப் பகுதி ஆற்றை ஒட்டியே இருக்கிறது. கோட்டைச் சுவர் எதுவும் இப்போது இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு பூங்கா மாதிரி. அதில் முதலில் கண்ணில் படுவது செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன மாளிகை. 1480-களில் உக்லிச் இளவரசர் ஆந்திரேய் கட்டிய அரண்மனையில் மிஞ்சியது இவ்வளவுதான். ரஷ்யாவில் இன்றைக்கும் நிற்கிற, தேவாலயம் அல்லாத கட்டடங்களில் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. கட்டினவருக்கு நல்ல சாவு இல்லை. 1491-ல் சொந்த அண்ணன், மாஸ்கோ மன்னர் மூன்றாம் இவானே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். 1493-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து இதே முற்றத்தில் இன்னொரு சாவு. நம்ம கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1591, மே 15

'பயங்கர இவான்' என்று சரித்திரம் சொல்லும் நான்காம் இவான் 1584-ல் இறந்தார். பட்டத்துக்கு வந்தவர் மகன் ஃபியோதர். சாதுவான மனிதர், ஆட்சி நடத்தத் தெரியாதவர். உண்மையில் ஆட்சி நடத்தியவர் அவருடைய மச்சான் போரிஸ் கொதுனோவ். இவானுடைய கடைசி மனைவி மரியா நகாயாவுக்கு ஒரு கைக்குழந்தை, பெயர் திமீத்ரி. ரஷ்யத் திருச்சபை மூன்று கல்யாணத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. இவானோ அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டார். அதனால் பையனுடைய வாரிசுரிமையே இழுபறி. தாயையும் பிள்ளையையும் உறவினர்களோடு உக்லிச்சுக்கு அனுப்பிவைத்தார்கள். பெயருக்கு ஜமீன், நடைமுறையில் ஒதுக்கிவைப்பு.

1591 மே 15 (பழைய நாட்காட்டிப்படி), மதிய நேரம். எட்டு வயது திமீத்ரி முற்றத்தில் மற்றப் பையன்களோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். கத்தியைத் தரையில் குத்தி நிற்கவைக்கிற விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் காயத்தோடு செத்துக் கிடக்கிறான். அம்மா ஓடிவருகிறாள். பக்கத்தில் இருந்த செவிலித்தாயை விறகுக் கட்டையால் அடித்துக்கொண்டே "உன் மகன்தான் கொன்னுட்டான்" என்று அலறுகிறாள். யாரோ ஓடிப்போய் மணியடிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நேரம் தப்பி மணியடித்தால் தீப்பிடித்ததோ எதிரி வந்தானோ என்று ஊரே கிளம்பிவிடும். கிளம்பிவிட்டது. மாஸ்கோ அங்கே வைத்திருந்த அதிகாரி மிகயீல் பித்யகோவ்ஸ்கி, அவர் மகன், செவிலியின் மகன் என்று வரிசையாக அடித்தே கொன்றார்கள். மொத்தம் பதினைந்து பேர் வரை செத்தார்கள்.

விசாரணைக் கமிஷன்

நாலே நாளில், மே 19 அன்று, மாஸ்கோவிலிருந்து கமிஷன் வந்துவிட்டது. தலைமை வசீலி ஷூய்ஸ்கி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவார்.

நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து எழுதிய அந்தக் கோப்பு இன்றைக்கும் இருக்கிறது. அதில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. கும்பல் கொன்ற ஆட்களின் பிணங்கள் மேல், கோழி ரத்தம் பூசின கத்திகளையும் ஆயுதங்களையும் கொண்டுவந்து வைத்தார்களாம், அவர்கள்தான் இளவரசனைக் கொன்றவர்கள் என்று காட்டுவதற்காக. வைக்கச் சொன்னது மரியாவின் சகோதரர் என்று, வைத்த ஆளே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கூட விளையாடிய பையன்கள் சொன்னது வேறு: திமீத்ரிக்கு வலிப்பு வந்தது, கையில் இருந்த கத்தி மேலேயே விழுந்துவிட்டான்.

கமிஷன் தீர்ப்பு: விபத்து.

மரியாவை மொட்டையடித்துக் கன்னியாஸ்திரீ ஆக்கினார்கள். அவளுடைய சகோதரர்களுக்குச் சிறை. ஊர்க்காரர்களில் அறுபது குடும்பங்களைச் சைபீரியாவில் பெலிம் என்ற இடத்துக்குத் துரத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. கூடவே நம்ம மணியையும்!

கோபுரத்திலிருந்து தள்ளி, பன்னிரண்டு கசையடி கொடுத்து, நாக்கைப் பிடுங்கி, ஒரு காதையும் வெட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. மணிக்குள் தொங்குவதை நாமும் நாக்கு என்றுதானே சொல்கிறோம்? ரஷ்ய மொழியிலும் அது 'நாக்கு'தான். மேலே மாட்டுகிற வளையத்துக்கு அங்கே 'காது' என்று பெயர். ஆக, அந்தக் காலத்தில் குற்றவாளிகளுக்கு என்ன செய்தார்களோ அதையே, பிசகாமல், மணிக்கும் செய்தார்கள். 1593-ல் அது தோபோல்ஸ்க் போய்ச் சேர்ந்தது. நேர்க்கோட்டில் அளந்தாலே 1,700 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அதிகாரி அதை அலுவலகத்தில் பூட்டிவைத்து, 'உயிரற்ற முதல் கைதி' என்று பதிவு செய்தாராம்.

சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. கொஞ்சம் யோசித்தபிறகு நின்றுவிட்டது. மணி என்ன தப்பு செய்தது? ஊரைக் கூப்பிட்டது, அவ்வளவுதான். ஊருக்கு அவர்கள் சொல்லவந்த சேதி மணியைப் பற்றியதே இல்லை. "இனிமேல் எவனாவது மணிக்கயிற்றைத் தொட்டால்..." என்பதுதான் சேதி.

ஒரே ஆள், மூன்று உண்மை

கதை முடியவில்லை. 1598-ல் ஃபியோதர் வாரிசில்லாமல் இறக்க, கொதுனோவே ஜார் ஆனார். 1601 முதல் 1603 வரை கொடும் பஞ்சம். அந்தச் சமயம் பார்த்துப் போலந்துப் பக்கமிருந்து ஒருவன் கிளம்பினான்: "நான்தான் திமீத்ரி, அன்றைக்கு நான் சாகவில்லை." 1605-ல் கொதுனோவ் இறந்தார். வந்தவன் மாஸ்கோவில் பட்டம் சூட்டிக்கொண்டான். ஷூய்ஸ்கி என்ன செய்தார்? 1591-ல் பிணத்தைப் பார்த்து அறிக்கை எழுதிய அதே ஷூய்ஸ்கி, இவன் உண்மையான திமீத்ரிதான் என்று ஒத்துக்கொண்டார். பெற்ற தாய் மரியாவும் "என் மகன்தான்" என்றாள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1606 மே மாதம் அந்தப் போலி திமீத்ரியைக் கொன்றுவிட்டு ஷூய்ஸ்கியே ஜார் ஆனார். இப்போது மூன்றாவது வாக்குமூலம்: திமீத்ரி 1591-லேயே இறந்துவிட்டான், ஆனால் விபத்து இல்லை, கொதுனோவின் ஆட்கள் செய்த கொலை! உக்லிச்சில் புதைத்த உடலைத் தோண்டி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய், புனிதராக அறிவித்தார்கள். புனிதர் ஆகிவிட்டால் இன்னொரு போலி திமீத்ரி வரமுடியாது இல்லையா, அதற்குத்தான். அப்படியும் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள் என்பது வேறு விஷயம். 1610-ல் ஷூய்ஸ்கியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1612-ல் போலந்தில் கைதியாகச் செத்தார்.

விபத்து, பிழைத்தான், கொலை. மூன்றையும் சொன்னது ஒரே வாய். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருந்தார்களோ அவர்களுக்குத் தோதான உண்மை.

இன்றைய ஆய்வாளர்கள் பலர் விபத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். 1591-ல் ஃபியோதருக்கே பிள்ளை பிறக்கலாம் என்ற நிலை, கொதுனோவுக்கு இந்தப் பையனைக் கொல்ல அவசரக் காரணம் இல்லை. ஆனால் உக்லிச்சில் நீங்கள் பார்க்கப்போவது மூன்றாவது கதையைத்தான். பையன் இறந்த இடத்தில், 1692-ல் கட்டின 'ரத்தத்தின் மீது திமீத்ரி' தேவாலயம் இருக்கிறது. ரத்தச் சிவப்புச் சுவர், நீலக் கும்மட்டங்களில் நட்சத்திரங்கள். ஆற்றிலிருந்து பார்த்தால் பொம்மை மாதிரி அழகு. உள்ளே 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் கொலைக்காட்சி அப்படியே வரைந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை ஓவியர். புஷ்கினுடைய 'போரிஸ் கொதுனோவ்' நாடகமும் இதே கதையைத்தான் எடுத்துக்கொண்டது.

மணி திரும்பி வந்தது, ஆனால்...

அந்தத் தேவாலயத்துக்குள்ளேதான் நம்ம மணி. பெரிசாக எதிர்பார்த்துப் போனேன். 320 கிலோ எடை, அவ்வளவுதான். சித்தி பையன் "இதுக்காண்ணா?" என்று ஒரு பார்வை பார்த்தான்.

உக்லிச் மக்கள் இதைத் திரும்பக் கேட்டு 1849-லேயே மனுப் போட்டார்கள். விசாரித்துவிட்டு, தோபோல்ஸ்கில் இருப்பது அந்தப் பழைய மணியே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். காரணம், 1677-ல் தோபோல்ஸ்கில் ஒரு பெரிய தீவிபத்து, அதில் உக்லிச் மணி உருகிவிட்டது என்று ஒரு குறிப்பு. அப்படியானால் இப்போது இருப்பது பிறகு வார்த்த நகல். ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் 1892-ல், கிட்டத்தட்ட 300 வருடத்துக்குப் பிறகு, மணி ஊர் திரும்பியது. அதே வருடம்தான் பழைய அரண்மனையைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

அசலா நகலா? அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் செய்த அநியாயத்தைப் பத்துத் தலைமுறை மறக்காமல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் பிடிவாதம் அசல்.

அணைக்கட்டு

சாயங்காலம் ஆற்றோரமாக நடந்தோம். கொஞ்ச தூரத்தில் உக்லிச் நீர்மின் நிலையம். 1935-ல் வேலை ஆரம்பித்து 1940-ல் மின்சாரம் வந்தது. போர்க்காலத்தில் மாஸ்கோவுக்கு வெளிச்சம் கொடுத்த நிலையங்களில் ஒன்று. கட்டியவர்களில் பெரும்பகுதி 'வோல்கலாக்' முகாமின் கைதிகள். இந்த நீர்த்தேக்கத்துக்காக உக்லிச்சின் பழைய பக்ரோவ்ஸ்கி மடம் அழிந்தது. ஆற்றின் மேல்பக்கம் கல்யாசின் ஊரில் பாதி மூழ்கியது, அங்கே ஒரு மணிக்கோபுரம் மட்டும் இன்றும் நடுத் தண்ணீரில் நிற்கிறது. படங்களில் பார்த்திருப்பீர்கள். 1591-ல் நடந்ததற்குக் கோப்பு இருக்கிறது, மணி இருக்கிறது, கோயில் இருக்கிறது. இந்தக் கைதிகளுக்கு?

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு ராத்திரி சர்வர் படுத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன், வரிசை முறையெல்லாம் பார்க்காமல், பெரிய தலைகள் வரைக்கும் போன் போட்டு எழுப்பிவிட்டான். அவன் எழுப்பியதால்தான் காலைக்குள் சரியானது. மறுநாள் சம்பவ அறிக்கை எழுதியது நான். "விதிமுறை மீறிய தகவல் தொடர்பால் குழப்பம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். மூன்று மாதத்தில் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஷூய்ஸ்கியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தவனுக்கு, அவர் பேனா என் கையிலும் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

ஊருக்கு வந்ததும் அவனுக்கு ஒரு மெயில் போட்டேன். நடந்ததை நடந்தபடி, என் பெயரோடு. இன்னும் பதில் வரவில்லை. வரணும்னு கட்டாயமும் இல்லை.

சரி, போக நினைப்பவர்களுக்கு: யாரோஸ்லாவ்லில் இருந்து பஸ் உண்டு, கோடையில் வோல்கா சுற்றுலாக் கப்பல்களும் நிற்கும். கப்பல் வந்தால் தேவாலயத்தில் கூட்டம் தாங்காது, அதனால் கப்பல் கூட்டம் கலைந்தபிறகு போங்கள். நம்ம ஊர் விசா, மாஸ்டர் அட்டைகள் அங்கே வேலை செய்யாது, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் அலெக்சேயெவ்ஸ்கி மடத்தில், 1628-ல் கட்டின மூன்று கூம்புக் கோபுரத் தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள். 'அற்புதமானது' என்றே அதற்குப் பட்டப்பெயர், பொருத்தமான பெயர்தான்.

மணியைத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தட்டவில்லை. பாவம், அது பட்டதே போதும்.