43 நாள் தடை

ஊரிலிருந்து அப்பா அம்மா டெல்லிக்கு வந்திருந்தால் அவர்கள் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கொஞ்சம் பாருங்கள். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு இவற்றோடு மூன்றாவதாக பயோகிளிட்டசோன் என்று இருக்கலாம். அதற்கு ஒரு கதை உண்டு.

முதலில் அதன் முன்னோடிகள். ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிரையே வாங்கியது. 1977-ல் அமெரிக்கா அதை நிறுத்தியது. நம் நாட்டில் தடை வந்தது 2003-ல். 26 வருஷம்! (கோப்பு நகரும் வேகம் வங்கிக்காரனான எனக்குத் தெரியாததா? மெட்ஃபார்மின் இதற்கு உறவுதான், ஆனால் அந்த ஆபத்து அதில் மிகக் குறைவு.) அடுத்தது ரோசிகிளிட்டசோன். இதயத்துக்கு ஆகாது என்ற சந்தேகத்தில் 2010-ல் இங்கே தடையானது.

பயோகிளிட்டசோன் அதே குடும்பம். சிறுநீர்ப்பை புற்றுநோய் பயத்தால் 2011-ல் பிரான்ஸ் நிறுத்தியது. அமெரிக்காவோ, ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டால் ஆபத்து கூடலாம் என்று எச்சரித்ததோடு சரி. 2013 ஜூன் 18-ல் நம் சுகாதார அமைச்சகம் தடாலடியாகத் தடை போட்டது. சர்க்கரை டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். விலை மலிவான மருந்து, இங்கே கொடுப்பது பெரும்பாலும் 15 மில்லிகிராம் அல்லது அதில் பாதி, வெளிநாட்டில் 45 வரை போகும் என்பது அவர்கள் வாதம். அப்போது மாற்றாக இருந்த கிளிப்டின் மாத்திரைகளின் விலையும் எக்கச்சக்கம். ஜூலை 31-ல் தடை நீங்கியது. முதல் மருந்தாகத் தரக்கூடாது, சிறுநீர்ப்பை புற்றுநோய் வந்தவர்களுக்குக் கூடாது என்றெல்லாம் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எனக்கு உறுத்துவது இந்த நிபந்தனைதான். எச்சரிக்கை இருப்பது பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தில். சாந்தினி சௌக் பகீரத் பேலஸ் மொத்தக் கடைகளில் பெட்டியாக வாங்கினால் கிடைக்கும். தெருமுனைக் கடையில் பத்து மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அந்தக் காகிதம் எங்கே வரும்? கடன் பத்திரத்தின் பொடி எழுத்தையாவது நாங்கள் கையெழுத்து வாங்கும்போது காட்டுகிறோம்!

சிறுநீரில் ரத்தம், கால் வீக்கம், மூச்சு வாங்கல், திடீர் எடை ஏற்றம் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறிவிடும். இதயம் பலவீனமானவர்களும், எலும்பு முறிவு கண்ட அம்மாக்களும் பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டாக்டரிடம் கூடவே போய் இந்த ஒரு பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.