பிரிண்டர் காதில் ரகசியம் - ஒரு பட்டனின் வரலாறு

வைஃபையில் கணினியைச் சேர்ப்பது சுலபம். பெயரைத் தேர்ந்தெடுத்து கடவுச்சொல்லைத் தட்டினால் முடிந்தது. ஆனால் பிரிண்டருக்குக் கீபோர்டு ஏது? விலை குறைந்த மாடல் என்றால் திரைகூட இருக்காது. நான்கைந்து பட்டன், இரண்டு மூன்று விளக்கு, அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குக் கடவுச்சொல்லை எப்படிச் சொல்வது?

வைஃபையின் முதல் பூட்டு 1997-ல் வந்த வெப். அதை உடைக்கும் வழியை 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் காட்டிவிட்டார்கள் (ஆர்.எஸ்.ஏ.வில் வரும் 'எஸ்' இதே ஷமீர்தான்!). பிறகு 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துவரை இருக்கலாம். பூட்டு பலமானது, பிரிண்டர் பாடு திண்டாட்டமானது. அம்புக்குறி பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். இல்லையென்றால் முதலில் யூ.எஸ்.பி. கேபிளைச் சொருகி, கணினி வழியாகக் கடவுச்சொல்லை ஏற்றிவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். வயரில்லாத பிரிண்டருக்கு முதலில் வயர் தேவை :)

இதற்கு வைஃபை அலையன்ஸ் 2007-ல் கொண்டுவந்த தீர்வுதான் டபிள்யூ.பி.எஸ். ரூட்டரில் ஒரு பட்டனை அமுக்கி, 2 நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அமுக்கினால் ரூட்டரே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். ரூட்டரைத் தொட முடிந்தவர் வீட்டு ஆள்தான் என்பது இதன் அடிப்படை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

வினை வேறு இடத்தில் இருந்தது. பட்டனோடு சேர்த்து 8 இலக்க பின் எண் முறையும் வைத்தார்கள். ரூட்டரின் அடியில் ஒட்டிய எண்ணைச் சொன்னாலும் உள்ளே விடும். 8 இலக்கம் என்றால் 10 கோடி எண்கள், யாரால் முயன்று பார்க்க முடியும் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக மிச்சம் 1 கோடி. அதைவிட மோசம், முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்பதை ரூட்டர் தனியாகவே காட்டிக்கொடுத்துவிடும்! முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சி, சில மணி நேர வேலை.

2011 டிசம்பரில் ஸ்டீஃபன் ஃபீபோக் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டார். இதே ஓட்டையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்த இன்னொரு குழு 'ரீவர்' என்ற மென்பொருளையே வெளியிட்டது. கடவுச்சொல் 63 எழுத்தாக இருந்தாலும் பயனில்லை, பின் எண் கிடைத்தால் ரூட்டரே அதைச் சொல்லிவிடும். சில ரூட்டர்களில் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்தாலும் அது அணையவில்லை என்பது கூடுதல் கொடுமை.

பட்டனை யாரும் இப்படி உடைக்கவில்லை. ஆனால் பின்னோடு சேர்ந்து அதன் பெயரும் கெட்டது. 2018-ல் ஆண்ட்ராய்ட் 9 இரண்டையுமே கைவிட்டது. அதே ஆண்டு அலையன்ஸ் 'ஈஸி கனெக்ட்' என்ற புது முறையை அறிவித்தது. கருவியில் ஒட்டிய க்யூ.ஆர். கோடை போனில் ஸ்கேன் செய்தால் போதும்.

பழைய ரூட்டர் வைத்திருப்பவர்கள் அமைப்புப் பக்கத்தில் பின் முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டனை மட்டும் தனியாக விட்டுவைக்க வசதி இருந்தால், பிரிண்டருக்கு அது போதும்.