சேலைக்கேற்ற தறி – விளையாட்டுக் கணினியின் பாகங்களைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் தறி என்ற பொருளை யாரும் கடையிலிருந்து முழுதாக வாங்கி வருவதில்லை. மரச்சட்டத்தைத் தச்சர் செய்து தருகிறார். அச்சு ஓரிடத்தில் கிடைக்கிறது. விழுது கட்டுபவர் வேறொருவர். ஜக்கார்டு பெட்டி வேறொரு கைமாற்றில் வருகிறது. அதற்கான அட்டையைக் குத்தித் தருபவர் இன்னொரு தெருவில் இருக்கிறார். இவற்றையெல்லாம் கையிருப்புக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீட்டுக் கூடத்தில் குழி வெட்டிப் பூட்டிய பிறகுதான் அது தறியாகிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியம் இது. அப்படியொரு வீட்டின் பிள்ளை தன் முதல் விளையாட்டுக் கணினிக்காகப் பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று தாளில் பட்டியல் எழுதும்போது, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அது புரியாத புது மோகமாகத் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பட்டியல் அவ்வீட்டுக்குப் புதிதன்று. குறைந்த பணத்தில் உதிரிப் பாகங்களைத் தேர்ந்து ஓர் இயந்திரத்தைக் கட்டி எழுப்பும் அறிவு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்த அறிவு கணினிக்கும் எப்படிப் பொருந்தி வந்தது என்பதையே நாம் இங்கு பார்க்க முயல்கிறோம்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவைப் பேசும்போது வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. பிரான்சின் லியோன் நகரில் 1804ஆம் ஆண்டையொட்டி ஜோசப் மாரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பட்டில் பூவேலையை நெய்யும் பொறியை உருவாக்கினார். துளை இருந்தால் கொக்கி எழும், இல்லையேல் எழாது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இந்த அட்டைகளையே கருவியாகக் கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டு தொகுத்தார். அவருடைய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்ற பெயரை ஏற்றது. காஞ்சியில் கணினித் திரையில் புட்டாவை வரைந்து, அதைக்கொண்டு தறிக்கு அட்டை குத்தும் வழக்கம் வந்தபோது இந்தக் கதை ஒரு சுற்று சுற்றித் தறிக்கே திரும்பிவிட்டது எனலாம்.

ஆயினும், முதற்கணினி வாங்கப் புறப்படும் ஒருவருக்கு இந்த உறவால் பயன் அதிகமில்லை. அவருக்குப் பயன்படக்கூடிய ஒற்றுமை வேறொன்று: தறியைப் போலவே கணினியும் பிரித்து வாங்கத்தக்க பொருளாக இருப்பது. அது இயல்பாக அமைந்ததன்று. வரலாற்றின் ஒரு திருப்பத்தில் அவ்வாறு ஆயிற்று.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்க மறுத்து ஐ.பி.எம். 1978இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. மூன்றே ஆண்டுகளில், 1981 ஆகஸ்டில், அதே நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட தனியாள் கணினி உலகச் சந்தையின் போக்கை மாற்றியது. விரைவில் சந்தைக்கு வரவேண்டும் என்ற அவசரத்தில் அவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்யாமல், இண்டெலின் பிராசசரையும் மைக்ரோசாப்டின் இயங்குதளத்தையும், சந்தையில் கிடைத்த பிற பாகங்களையும் கொண்டு அக்கணினியை அமைத்தார்கள். உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருக இடம் விட்டு, அதன் விவரங்களையும் வெளியிட்டார்கள். காம்பாக் போன்ற நிறுவனங்கள் விரைவிலேயே அதற்கு ஒத்த கணினிகளைச் செய்தன. பிறகு தைவானின் தொழிற்கூடங்கள் பாகங்களைத் தனித்தனியே உலகெங்கும் அனுப்பின. கணினி என்பது ஒரே நிறுவனத்தின் பெட்டி என்ற நிலை போய், பலர் செய்யும் பாகங்களின் கூட்டு என்ற நிலை வந்தது.

இந்தியாவில் இதற்கான கதவு மெல்லத் திறந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் தீர்வையையும் தளர்த்தியது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம் அதை விரிவாக்கியது. 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப உடன்பாடு, கணினி சார்ந்த பல பொருள்களின் மீதான சுங்கத் தீர்வையைப் படிப்படியாக நீக்க வகைசெய்தது. இந்த மாற்றங்களின் பயனைத் தமிழ்நாட்டில் கண்கூடாகக் காட்டிய இடம் சென்னை அண்ணா சாலைக்குப் பின்னாலிருக்கும் ரிச்சி தெரு. வானொலி, தொலைக்காட்சி உதிரிகள் விற்ற அந்தக் குறுகிய தெரு 1990களில் கணினிப் பாகங்களின் தெருவாயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். காலையில் கிளம்பி, பத்துக் கடைகளில் விலை கேட்டு, மாலையில் அட்டைப்பெட்டிகளோடு பேருந்தேறி விடலாம். ‘அசெம்பிள்டு’ என்ற ஆங்கிலச் சொல் அக்காலத்தில் தமிழாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு இருந்தும், கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கெழுதவும் எந்தப் பாகம் இருந்தாலும் போதும். பாகங்களுக்குள் வேற்றுமை பார்க்கக் கற்றுக்கொடுத்தது விளையாட்டுதான். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ முழுக்கப் பிராசசரின் உழைப்பில் ஓடியது; 486 கணினி இருந்தால் அது வழுக்கிச் சென்றது, 386இல் தடுமாறியது. 1996இல் ‘குவேக்’ முப்பரிமாணத்தை முழுமையாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடு’ அட்டை வந்தது. முப்பரிமாணக் காட்சிகளை வரைவது மட்டுமே அதன் வேலை. மற்றவற்றுக்கு இன்னோர் அட்டை தேவைப்பட்டது; இரண்டையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். கோர்வைச் சேலையில் உடலை நெய்பவர் ஒருவராகவும், கரையின் நாடாவை மறுபக்கம் இருந்து வாங்கித் தருபவர் இன்னொருவராகவும் இருப்பதை இது நினைவூட்டுகிறது. 1999இல் என்விடியாவின் ‘ஜிபோர்ஸ் 256’ பிராசசரின் கணக்குகள் சிலவற்றையும் தன்மேல் எடுத்துக்கொண்டது. 2000 டிசம்பரில் 3டிஎப்எக்ஸின் உடைமைகளை என்விடியாவே வாங்க முடிவாயிற்று.

சிக்கனக்காரர்களின் வரலாற்றில் அழியா இடம்பெற்றது 1998இல் வந்த இண்டெல் ‘செலிரான் 300ஏ’. மலிவுப் பிரிவுக்கென்று செய்யப்பட்ட அதன் அடிப்படை வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினால், 300இல் ஓடவேண்டிய பிராசசர் 450இல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியத்துக்கு விளையாட்டில் ஏறத்தாழ ஈடாக நின்றது. விலைச்சீட்டு ஒன்றைச் சொல்லலாம், பொருள் வேறொன்றைச் சொல்லலாம் என்ற பாடத்தை ஒரு தலைமுறை அதிலிருந்து கற்றது.

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் விளையாட்டுக் கணினியின் முதல் பள்ளிக்கூடம் வீடன்று; பிரவுசிங் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ‘கவுண்டர் ஸ்டிரைக்’, ‘ஐ.ஜி.ஐ.’, ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ ஆடியவர்கள் அங்கேதான் வீட்டுக்கணினியின் கனவைக் கண்டார்கள். 2003இல் கணினிக்கு வந்த ‘வைஸ் சிட்டி’ அந்தக் கனவுக்கு ஓர் அளவுகோல் தந்தது: 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்.பி. ராம், 32 எம்.பி. கிராபிக்ஸ் கார்டு. மூன்றும் குறைந்தபட்சத் தேவைகள்.

சிக்கனம் கண்ணியாக மாறும் இடமும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. இண்டெலின் 845 வரிசை மதர்போர்டுகள் சிலவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது; எனவே தனி அட்டைக்குப் பணம் வேண்டாம். 845ஜி என்ற வகையில், பின்னாளில் அட்டை வாங்கிச் செருக ‘ஏஜிபி’ துளை இருந்தது. அதைவிட மலிவான 845ஜிஎல், 845ஜிவி வகைகளில் அத்துளை இல்லை. பெயரின் கடைசி எழுத்தில்தான் வேற்றுமை. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. அடுத்த ஆண்டு தீபாவளிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று எண்ணியிருந்த வீட்டில், அதைச் செருக இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். பட்ஜெட் கணினியின் வரலாற்றில் மிக விலையுயர்ந்த பாகம் எது என்று கேட்டால், இல்லாமற்போன அந்தத் துளை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது கண்ணி எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. கேபினட்டோடு இலவசமாக வருவதுபோல் வந்த இப்பெட்டியின் மேல் எழுதியிருந்த வாட் கணக்குக்கும், உள்ளே அது உண்மையில் தாங்கும் சுமைக்கும் பல வேளைகளில் தொடர்பிருக்கவில்லை. 2000த்தின் முற்பகுதியில் உலகெங்கும் மதர்போர்டுகளின் மின்தேக்கிகள் உப்பிக் கசிந்த காலமும் அதுவே. அதன்மேல் தமிழ்நாடு 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டைக் கண்டது. 2012இல் சென்னைக்கு வெளியேயுள்ள ஊர்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழிந்தது. கைத்தறி மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை. ஆனால் அதே கூடத்திலிருந்த கணினி நம்பியிருந்தது. தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒரு யு.பி.எஸ்.ஸும் ஆடம்பரமல்ல என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல தறிவீடுகளுக்குள் முதலில் நுழைந்த கணினி அதுவாகவே இருந்திருக்கும். அதன் சமூக மதிப்பு பெரிது. ஆனால் அது பூட்டப்பட்ட பெட்டி. ராம் கூட்டலாம், கிராபிக்ஸ் கார்டு கூட்ட முடியாது. விளையாட விரும்பியவருக்கு மறுபடியும் உதிரிப் பாகங்களின் தெருவே வழியாயிற்று. 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, தனி அட்டையின்றியே ஓரளவு விளையாடத்தக்க கிராபிக்ஸைத் தந்தது, துளையும் மூடப்படவில்லை. மெய்நிகர் நாணயச் சுரங்கக்காரர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டு போனதால் விலை ஏறியிருந்த காலத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது. 2020க்குப் பின் அதே ஏற்றம் மீண்டும் வந்தது. 2022 செப்டம்பரில் ‘ஈத்தீரியம்’ அவ்வகைச் சுரங்கமுறையைக் கைவிட்ட பிறகு, ஓடிக்களைத்த அட்டைகள் பழைய பொருள் சந்தையில் குவிந்தன. 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் பசியால் ராமின் விலை பல மடங்கு ஏறியது. எந்தப் பாகம் எந்த ஆண்டில் கைக்கெட்டாமல் போகும் என்பதை வாங்குபவர் முடிவு செய்வதில்லை. பட்டின் விலையும் சரிகையின் விலையும் அறிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன? நெசவாளர் தறியைப் பார்த்துச் சேலையை முடிவு செய்வதில்லை. எந்தச் சேலை, எவ்வளவு அகலம், எத்தனை இழை, எவ்வளவு கரை என்று தீர்மானித்த பிறகே அச்சும் அட்டையும் பேசப்படும். கணினியிலும் முதலில் முடிவு செய்ய வேண்டியவை ஆட்டமும் திரையுமே. 1920க்கு 1080 என்ற திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை வரைந்தால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 திரை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கேட்கும். 4கே திரை நான்கு மடங்கு கேட்கும். முதற்கணினிக்குச் சிறிய திரையைத் தேர்ந்தால் கிராபிக்ஸ் கார்டின் செலவு தானே குறைகிறது. சட்டம்போல் நெடுநாள் நிற்கவேண்டியவை எஸ்.எம்.பி.எஸ்.ஸும், துளைகளுள்ள மதர்போர்டும். அவற்றில் கஞ்சம் கூடாது. காற்றோட்டமுள்ள கேபினட் நம் கோடைக்கு அவசியம். அதன் வண்ண விளக்குகள் அவசியமில்லை. அட்டைபோல் மாற்றிக்கொள்ளத்தக்கது கிராபிக்ஸ் கார்டு. அது பணம் சேர்ந்தபின் வரலாம். அதுவரை பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்புபவர், ராமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டாக வாங்குவது நல்லது. இரு வழியில் தரவு பாயும்போது காட்சியின் வேகம் தெளிவாகக் கூடும். பிராசசரை மட்டும் உயர்ந்ததாக வாங்கி மற்றவற்றைக் குறைத்தால், ஒருபக்க நாடா மட்டும் விரைந்தோடி மறுபக்கத்துக்காகக் காத்திருக்கும் கோர்வைத் தறியின் கதைதான்.

விளையாட்டுக்கு இவ்வளவு சிந்தனை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நெய்த சேலைக்குக் கூலி வாங்கி வாழும் வீட்டில் அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. கணினிக்குப் போகும் பணம் வேறேதோ ஒன்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால்தான் தேர்வு முக்கியமாகிறது. விளம்பரத்தைப் பார்த்து முழுப்பெட்டியை வாங்குபவர் அதன் விலையை மட்டும் அறிகிறார். பட்டியல் எழுதி வாங்குபவரோ ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது, எது பழுதானால் எதை மாற்ற வேண்டும், அடுத்த ஆண்டு எதைக் கூட்டலாம் என்பதை அறிகிறார். தறியில் விழுது அறுந்தால் நெசவாளர் தறியைத் தூக்கி எறிவதில்லை, விழுதைக் கட்டிக்கொள்கிறார். மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் பாகங்கள் ஒட்டியும் பற்றவைத்தும் மூடப்பட்டுவரும் காலத்தில், திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் உரிமை மேசைக்கணினியில்தான் பெருமளவு எஞ்சியிருக்கிறது. ஆதலால் தறிவீட்டில் யாரேனும் பாகங்களின் பட்டியலோடு வந்து நின்றால், பெரியவர்கள் முதலில் கேட்கத்தக்க கேள்வி விலையைப் பற்றியதன்று. ‘பின்னால் ஒன்றைச் சேர்க்க இதில் இடம் இருக்கிறதா?’ என்பதே அது. தறி பூட்டிப் பழகிய அவர்களுக்குப் பதிலின் தரத்தை எடைபோடவும் தெரியும்.